நான்காம் பக்கத்துக் குரல்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கு எல்லாரும் சுகம். முதலில் நல்ல செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். பிறகு உன்னைத் திட்ட வேண்டியிருக்கிறது, அதற்குக் காகிதத்தில் இடம் வேண்டும்.

என் பெரியவனின் மூத்த மகள் பல் டாக்டர் பரீட்சையில் தேறிவிட்டாள். கல்லூரியில் இரண்டாவது. முதலாவதாக வந்தவளுக்கு அப்பா, அம்மா இரண்டு பேருமே பல் டாக்டர், அதனால் நம் பிள்ளைதான் முதல் என்று நான் எல்லாரிடமும் சொல்லிவருகிறேன். அவள் தம்பி பாலம் கட்டும் கம்பெனியில் சேர்ந்திருக்கிறான். முதல் வாரமே பெரிய இன்ஜினியர் போட்ட படத்தில் தப்புக் கண்டுபிடித்தானாம். "இன்னும் வேலையில இருக்கியாடா?" என்று கேட்டேன். இருக்கிறான். என் மகளின் பெண் நூறு மீட்டர் ஓட்டத்தில் பள்ளிக்கே முதல். அது அம்மாவிடமிருந்து வந்தது. பாத்திரம் கழுவச் சொன்னால் அவளும் அப்படித்தான் ஓடுவாள்.

பேரப்பிள்ளைகளில் கடைக்குட்டிக்கு ஏழு வயது. பத்துக் கட்டளையையும் கேள்வி பதிலோடு மனப்பாடமாக ஒப்பிக்கிறது. ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னாலும் 'இதற்கு அர்த்தம் என்ன?' என்று கேள்வி வருமே, அதை மட்டும் பிடித்துக்கொண்டு வீடு முழுக்கத் திரிகிறது. சாப்பிட வா என்றால், "இதற்கு அர்த்தம் என்ன?" குழாய் ரிப்பேர் பார்க்க வந்தவரையும் கேட்டது. அந்த மனுஷர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தார்.

இப்போது உன் சங்கதி. நம் சபையின் முதல் போதகர் கண்ணை மூடிய அன்று, கோபுரத்து மணி ஆள் தொடாமல் பன்னிரண்டு தடவை அடித்தது. நூறு வருஷமாக நாம் சொல்லிக்கொண்டு வருகிறோம். பாட்டி சொன்னாள், அம்மா சொன்னாள், நான் சொன்னேன். நீ போன வருஷம் தலையணை கனத்தில் ஒரு புத்தகம் போட்டு, மணிக்காரர் கயிற்றில் ஆட்டைக் கட்டி வைத்திருந்தார், ஆடுதான் இழுத்தது என்று எழுதிவிட்டாய். உனக்கென்ன, நீ தூரத்தில் பேராயராக இருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் உட்காருகிறவள் நான். பாட்டுக்குழுத் தலைவி அந்த மணிக்காரரின் கொள்ளுப்பேத்தி என்பதை மறந்துவிட்டாயா? ஆறு மாதமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. போன வாரம்தான் வாயைத் திறந்தாள். "உங்க தம்பி கண்டுபிடிச்ச ஆடு சுகமா?" என்றாள்.

எல்லாக் கதையையும் உரித்துப் பார்த்தால் சபையில் என்ன மிஞ்சும், வெங்காயம் மாதிரி?

பின்குறிப்பு: உன் புதுப் படம் ஒன்று அனுப்பு. சுவரில் இருக்கிற படத்தில் நீ அங்கி போட்டுக் கம்பீரமாகத்தான் இருக்கிறாய், ஆனால் இரண்டு கண்ணும் மூடியிருக்கிறது. வருகிறவர்களிடம் ஜெபம் பண்ணுகிறான் என்று சொல்லிச் சமாளிக்கிறேன்.

இப்படிக்கு,
அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

பல் டாக்டருக்கும், பாலக்காரனுக்கும், ஓட்டக்காரிக்கும், கேள்வி கேட்கிறவளுக்கும் என் ஆசீர்வாதம். கடைசியாகச் சொன்னவள்தான் என் வாரிசு என்று தோன்றுகிறது.

ஆட்டைப் பற்றி. மத வரலாறு எழுதுகிறவன் தனக்குப் பிடித்ததை எழுதக் கூடாது, சாட்சி சொல்வதைத்தான் எழுத வேண்டும். நம் சபை ஆலோசனைச் சங்கத்தின் பழைய கூட்டக் குறிப்புப் புத்தகத்தில், மணிக்காரர் தன் கைப்படக் கொடுத்த மன்னிப்புக் கடிதம் ஒட்டியிருக்கிறது. 'இனி மணிக் கயிற்றில் ஆட்டைக் கட்ட மாட்டேன்.' தேதி, போதகர் இறந்ததற்கு மறுநாள். இதற்குமேல் நான் என்ன செய்ய முடியும், ஆட்டிடம் வாக்குமூலம் வாங்கவா?

இப்போது ஒரு உதவி. வரும் மே மாதம் எனக்கு எழுபத்தைந்து முடிகிறது. இறையியல் கல்லூரியில் மலர் போடுகிறார்கள். அதற்கு என் வாழ்க்கையை நானே சுருக்கமாக எழுதியிருக்கிறேன், பிரதி இணைத்துள்ளேன். நம் வீட்டில் அந்தக் காலத்தைக் கண்டவள் உயிரோடு நீ ஒருத்திதான். உறவுமுறை, தேதி, இவற்றில் பிழை இருந்தால் மட்டும் குறித்து அனுப்பு. மார்ச் கடைசியில் அச்சுக்குப் போகிறது.

நான்காம் பக்கத்தைக் கவனமாகப் படி. நாற்பது வருஷமாக நான் பிரசங்கத்தில் சொல்லிவருவது, முதன்முறையாக எழுத்தில் வருகிறது:

'எனக்கு அப்போது வயது ஒன்பது. விடுதிப் பள்ளிக்குப் புறப்பட வேண்டிய காலை. போக மனமின்றி, ஆளில்லாத ஆலயத்தில் முதல் பெஞ்சுக்கு அடியில் முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்தேன். உயரத்திலிருந்து ஒரு குரல் என்னைப் பெயர் சொல்லி அழைத்தது. "எழுந்திரு. போ. நான் உன்னோடு இருக்கிறேன்." உடனே பெருங்காற்றின் முழக்கம் ஆலயத்தை நிரப்பிற்று. எழுந்தேன், போனேன். என் ஊழியம் அந்தக் காலையில் தொடங்கியது.'

படம் எடுக்க நேரமில்லை. கண் திறந்த படம் வேண்டுமென்றால் என்னைத் தூங்கவிடாத நாளில்தான் எடுக்க முடியும்.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

படித்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவையும் படித்தேன். நல்ல எழுத்து. ஆனால் பிழைகள் இருக்கின்றன.

இரண்டாம் பக்கம்: கவிழ்த்த தொட்டிமேல் ஏறி நின்று நீ கோழிகளுக்குப் பிரசங்கம் பண்ணியது உண்மை. அவை 'ஆர்வத்தோடு கேட்டன' என்பது பொய். உன் கையில் அரிசி இருந்தது.

மூன்றாம் பக்கம்: அப்பா உன்னை விடுதிக்கு அனுப்பியது 'மகனின் ஞானத்தைக் கண்டு' அல்ல. சபைக்கு ஒரு பையனுக்கு இடம் என்று போதகர் சொன்னார். தச்சர் மகனுக்கு அம்மை போட்டிருந்தது. நீதான் மிச்சம்.

நான்காம் பக்கம்: வயது ஒன்பது இல்லை, எட்டு. அப்புறம், அந்தப் பெஞ்சுக்கு அடியில் யாரும் முழங்காலில் நிற்க முடியாது, பூனையால்கூட முடியாது. நீ குப்புறப் படுத்திருந்தாய்.

யோசித்துப் பார்த்தால் நான்காம் பக்கத்தை முழுசாகவே எடுத்துவிடுவது நல்லது. மூன்றிலிருந்து நேராக ஐந்துக்குப் போனால் யாருக்கும் குறை தெரியாது. காரணம் கேட்காதே. அக்கா சொன்னால் கேட்டுக்கொள்.

பல் டாக்டருக்கு ஒரு நல்ல ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது. முதல் நோயாளி நான்தான். வலிக்கவே இல்லை என்று சொன்னேன். அது வேறு பொய்.

பின்குறிப்பு: படம்.

இப்படிக்கு,
அக்கா


பிப்ரவரி 27

அக்காவுக்கு,

வயதைத் திருத்திவிட்டேன். அரிசியைப் பற்றி அடிக்குறிப்பு போடுகிறேன்.

நான்காம் பக்கத்தை எடுக்க முடியாது. வேறு எந்தப் பக்கத்தை வேண்டுமானாலும் எடு. முனைவர் பட்டத்தை எடு, பேராயர் அபிஷேகத்தையும் எடு. நான்காம் பக்கம் போனால் மற்றதெல்லாம் ஏன் நடந்தது என்பதே இல்லாமல் போகும். தூர தேசத்தில் படித்தபோது, நூலகத்துக் குளிரில், மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பிவிடலாம் என்று மூன்று முறை நினைத்தேன். மூன்று முறையும் அந்தக் குரல்தான் என்னை உட்கார வைத்தது. அந்தப் பிரசங்கத்தைக் கேட்டு நான்கு பேர் போதகராகியிருக்கிறார்கள்.

காரணம் இல்லாமல் ஒரு சாட்சியத்தை நீக்கச் சொல்கிறாய். உன்னைக் குறை சொல்லவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நீ. சாட்சியத்தை எப்படி எடைபோடுவது என்பது தனிப் படிப்பு. அன்று ஆலயத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை. ஆகவே நானே ஒரே சாட்சி.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. நான் குப்புறப் படுத்திருந்தேன் என்று உனக்கு யார் சொன்னது? நான் யாரிடமும் சொன்னதில்லை.

தம்பி


மார்ச் 4

தம்பி,

ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆறாம் வகுப்பில் என்ன சொல்லித் தருவார்கள் என்று எனக்குத் தெரியாது. சாட்சி என்றால் பக்கத்தில் இருந்து பார்த்தவர் என்று ஐந்திலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

நான் பக்கத்தில் இருந்தேன்.

அப்போதெல்லாம் நம் ஆலயத்து ஆர்கனுக்கு ஒருவர் பின்னால் நின்று துருத்தியை மிதித்தால்தான் சத்தம் வரும். பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற வருஷத்திலிருந்து அந்த வேலை எனக்கு. மேல் மாடத்தில், ஆர்கனுக்குப் பின்னால், ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு மரக்கூண்டு. திருவிருந்து அப்பம் வட்டமாக வெட்டினபின் ஓரத்துண்டு மிஞ்சும் அல்லவா, அதை ஒரு தகர டப்பாவில் அந்தக் கூண்டுக்குள்தான் வைப்பார்கள். உன்னைத் தேடி வீடே அலைந்துகொண்டிருந்த காலையில், "நான் கோயில்ல பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு நான் வந்தது உனக்காக இல்லை. டப்பாவுக்காக. ஏழாம் கட்டளை, களவு செய்யாதிருப்பாயாக, தெரியும். வாய் நிறையத் திருட்டு அப்பத்தோடு பலகை இடுக்கு வழியாகக் கீழே பார்த்தால், முதல் பெஞ்சுக்கு அடியில் உன் கால் இரண்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது. வலது செருப்பு இடது காலில்.

கீழே இறங்கி வந்து உன்னைப் பிடித்து இழுத்திருக்கலாம். வாயில் அப்பம் இருந்தது. அதனால் விழுங்கிவிட்டு மேலிருந்தே சொன்னேன். உனக்குப் பேன் பிடித்துத் தலையை மழித்திருந்த வருஷம் அது. நான் என்ன சொன்னேன் என்பதை நீ நாற்பது வருஷப் பிரசங்கத்தில் ஒரு தடவைகூட முழுசாகச் சொன்னதில்லை. நான் சொல்லட்டுமா? "டேய் மொட்டை, எழுந்திரு. போ. நான் உன்கூட இருக்கேன்."

கர்த்தர் கூப்பிட்டிருந்தால் ஞானஸ்நானப் பெயரைச் சொல்லியிருப்பார். மொட்டை என்றிருக்க மாட்டார்.

நீயும் பதில் சொன்னாய். அதையும் நீ எழுதவில்லை. "சரிங்க ஆண்டவரே" என்றாய். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் சாய்ந்தேன், கால் வழுக்கித் துருத்திமேல் விழுந்தேன். அதுதான் உன் பெருங்காற்றின் முழக்கம்.

ஏன் சொன்னாய் என்று கேட்பாய். நமக்கு இரண்டு பேருக்கும் ஒரே கட்டில். நீ தூக்கத்தில் கழுதை மாதிரி உதைப்பாய். நீ விடுதிக்குப் போனால் கட்டில் எனக்கு. அவ்வளவுதான். இதற்குமேல் புனிதமாக ஒன்றும் இல்லை.

இத்தனை நாள் ஏன் வாய் திறக்கவில்லை என்றால், முதல் விடுமுறையிலேயே சொல்லியிருந்தால் ஒரு அடியோடு போயிருக்கும். நீ வந்து அம்மாவிடம் குரல் கேட்டதைச் சொன்னாய், அம்மா அழுதாள். அப்புறம் நீ போதகரானாய், பெரிய படிப்புப் படித்தாய், பேராயரானாய். வருஷம் ஏற ஏற முடிச்சு இறுகிக்கொண்டே போனது. பேச்சு காற்றோடு போகும் என்று விட்டுவிட்டேன். அச்சில் ஏறினால் போகாது. போன மாதம் கடைக்குட்டி எட்டாம் கட்டளை ஒப்பித்தது, பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக. ஒப்பித்துவிட்டு என் முகத்தைப் பார்த்து, "இதற்கு அர்த்தம் என்ன?" என்றது. நான் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மணிக்காரரின் ஆட்டுக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயமா, தம்பி?

அக்கா


மார்ச் 25

அன்புள்ள தம்பிக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே தலையை ஆட்டிவிடுகிறார். நான் வாசலில் நிற்பது அவருக்கே பாவமாக இருக்கிறதாம்.

உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? என் மகளை உன் வீட்டுக்காரிக்குப் போன் போடச் சொன்னேன். "நல்லாத்தான் இருக்கார், பேசத்தான் மாட்டேங்கிறார்" என்றாளாம். அது எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. நீ பிறந்ததிலிருந்து பேசாமல் இருந்ததில்லை.

நான் கிழவி. ஞாபகம் முன்னே பின்னே இருக்கும். கூண்டுக்குள் இருந்தது வேறு ஒரு நாளாக இருக்கலாம். வேண்டுமானால் நான் சொன்னதெல்லாம் பொய் என்று கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன், நீ கல்லூரியில் காட்டிக்கொள். நான்காம் பக்கம் அப்படியே இருக்கட்டும். எட்டாம் கட்டளைக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். ஏழாவதற்கும் சேர்த்துத்தானே சொல்லப்போகிறேன்.

ஒரு குரலைப் பிடுங்கிக்கொண்டேனே, உனக்கு ஊன்ற வேறு என்ன இருக்கிறது என்று நான் யோசிக்கவில்லை. ஒரு வரி போடு. திட்டியாவது போடு.

பிள்ளைகள் எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள். விவரம் எழுத மனம் வரவில்லை.

அக்கா


மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

கையெழுத்துப் போட்டு எதையும் அனுப்பாதே. செருப்பு கால் மாறியிருந்தது உண்மை. மொட்டை உண்மை. 'சரிங்க ஆண்டவரே' உண்மை. நான் எங்கும் எழுதாத, எவரிடமும் சொல்லாத மூன்று விவரங்களை ஒரு சாட்சி தானாகவே சொன்னால், அந்தச் சாட்சியை நம்ப வேண்டும் என்று முப்பது வருஷமாக மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். தப்பிக்க வழியில்லை.

பக்கத்தில் இருந்தவளைப் பார்த்து ஐந்தாம் வகுப்பு என்று எழுதியது என் கை. மன்னித்துவிடு.

இரண்டு ஞாயிறு பிரசங்க மேடை ஏறவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். அதுவும் எட்டாம் கட்டளைதான், உன்னோடு சேர்த்துக்கொள். கடைசியில் என் வீட்டுக்காரியிடம் கடிதத்தைக் கொடுத்தேன். படித்தாள். சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பிறகு கதவு போதாமல் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "இவ்வளவு வருஷமா உங்களைக் கூப்பிட்டது எங்க நாத்தனாராங்க?" என்றாள். "தெரிஞ்சிருந்தா கல்யாணத்துக்கு முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டிருப்பேனே." எனக்குக் கோபம் வந்தது. அப்புறம், என்ன செய்வது, நானும் உட்கார்ந்தேன்.

மறுநாள் இறையியல் கல்லூரியில், நான் பாடம் எடுக்கிற கடைசி வருஷ வகுப்பில் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். மொட்டையையும் விடவில்லை. வகுப்பு சிரித்து அடங்கியதும் பின் வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள். "ஐயா, அப்போ உங்க அழைப்பு பொய்யா?"

மூன்று வாரம் எனக்குத் தெரியாத பதில் அப்போது வந்தது. "மணியை ஆடு அடிச்சுதுன்னு எழுதினேன்மா. மணி அடிக்கலைன்னு நான் எழுதவே இல்லையே" என்றேன்.

வீட்டுக்கு வந்து பழைய பெட்டியை இறக்கினேன். குரல் சொன்னது மூன்று. எழுந்திரு என்றது, எழுந்தேன். போ என்றது, போனேன். இரண்டும் நான் செய்தவை. மூன்றாவது, குரல் தனக்குத்தானே சொன்னது: நான் உன்கூட இருக்கிறேன். அது நிறைவேறியதா என்று இதுவரை நான் ஆராய்ந்ததில்லை. பெட்டியில் உன் கடிதங்கள் நாற்பத்தொரு கட்டு இருக்கின்றன. முதல் கடிதம், நான் விடுதிக்குப் போன அதே வாரம், பென்சிலில். 'மொட்டை, சாப்பிட்டாயா' என்று தொடங்குகிறது. அறுபத்தேழு வருஷம், மாதம் இரண்டு. உன் பிரசவ மாதங்களில் அத்தான் கையெழுத்தில் வந்திருக்கிறது, கீழே உன் கோணல் கையெழுத்து. அத்தான் இறந்த மாதத்திலும் இரண்டு இருக்கின்றன. அக்கா, அந்த மாதத்தில்கூட எனக்கு இருமல் நின்றதா என்று கேட்டிருக்கிறாய். நூலகத்துக் குளிரில் மூன்று முறை என்னை உட்கார வைத்தது குரல் என்று எழுதினேன். தேதி பார்த்தேன். மூன்று முறையும் சட்டைப்பையில் உன் கடிதம் இருந்திருக்கிறது.

சாட்சியம் போதுமானது. நான்காம் பக்கத்தைத் திருத்தி அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். பெஞ்சு, குப்புற, செருப்பு, டப்பா, துருத்தி, எல்லாம் உண்டு. கட்டிலும் உண்டு. 'கர்த்தர் என்னை அழைத்தார். அன்று அவரிடம் கைவசம் இருந்த ஆள் என் அக்கா' என்று முடித்திருக்கிறேன்.

அந்தப் பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்தில் படம் வேண்டுமாம். என் படம் இல்லை, உன்னுடையது. உடனே அனுப்பு.

இப்படிக்கு,
மொட்டை


ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. தபால்காரர் தெருமுனையிலிருந்தே கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு வந்தார்.

பிள்ளைகள் விவரம், போன தடவை விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன். ஓட்டக்காரி மாவட்டத்தில் இரண்டாவது. முதலாவதாக வந்தவள் காலில் சக்கரம் கட்டியிருந்தாள் என்றுதான் நான் நினைக்கிறேன். பாலக்காரன் கண்டுபிடித்த தப்பு தப்பு இல்லையாம், இவன் படத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறான். இருந்தாலும் தைரியமாகச் சொன்னானே என்று பெரிய இன்ஜினியர் பாராட்டினாராம். பல் டாக்டர் எனக்கு இன்னொரு பல்லைப் பிடுங்கிவிட்டாள். இந்தத் தடவை வலித்தது என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். உன் கடிதம் வந்ததிலிருந்து பொய் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பாட்டுக்குழுத் தலைவியின் பக்கத்தில் நானே போய் உட்கார்ந்தேன். அச்சில் வருவதற்கு முன்னால் என் வாயால் சொல்லிவிட வேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். டப்பாவைக்கூட மறைக்கவில்லை. அவள் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. "அப்போ எங்க ஆடும் நீங்களும் ஒரே உத்தியோகந்தான்" என்றாள். என்னை ஆட்டோடு சேர்த்துவிட்டாள் என்று கோபப்படலாமா என்று யோசித்தேன். எட்டு மாதம் கழித்துச் சிரித்துப் பேசுகிறாள், போகட்டும் என்று விட்டுவிட்டேன். மே மாதம் உன் மலர் வந்ததும் பத்துப் பிரதி வேண்டுமாம். எட்டு அவள் சொந்தக்காரர்களுக்கு.

இணைத்திருப்பது என் படம். பாலக்காரன் கைப்பேசியில் எடுத்துக் கடையில் போட்டுக் கொண்டுவந்தான். சிரிக்கச் சொன்னான், புதுசாகப் பல் போன இடம் தெரியும் என்று வாயை மூடிக்கொண்டேன். அதனால் உன்னைத் திட்டப் போகிறவள் மாதிரி வந்திருக்கிறது. நான்காம் பக்கத்துக்கு அதுவே பொருத்தம்.

ஒன்று திருத்த வேண்டும். கட்டிலுக்காகச் சொன்னேன் என்று எழுதினேன் அல்லவா? அது உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை. அச்சுக்குப் போய்விட்டது என்றால் இதற்கும் ஒரு அடிக்குறிப்பு போடு, அரிசிக்குப் போட்டாயே. நீ போன பின் கட்டில் முழுசும் எனக்குத்தான். கை காலை நீட்டிப் படுத்தேன். உதைக்க ஆள் இல்லை, மூன்று நாள் தூக்கமே வரவில்லை. நாலாம் நாள் காலையில் எழுந்து, அப்பாவின் பென்சிலைத் தேடி எடுத்தேன்.

கடைக்குட்டி இதை எழுதும்போது தோளுக்குப் பின்னால் நின்று எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இதற்கு அர்த்தம் என்ன?" என்கிறது. பெரியவளானதும் தாத்தாவுக்குக் கடிதம் போட்டுக் கேள் என்றேன். இப்போதே போடுகிறேன் என்று பென்சில் சீவப் போயிருக்கிறது. உனக்குச் சரியான வேலை காத்திருக்கிறது.

சுவரில் இருந்த உன் படத்தைக் கழற்றிவிட்டேன். உனக்கு அழைப்பு வந்த கதையை இனி உள்ளபடி சொல்லப்போகிற வீட்டில், நீ தூங்கினதை ஜெபம் என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ஆணி காலியாக இருக்கிறது. அங்கி வேண்டாம், தொப்பி வேண்டாம், மொட்டைத் தலை நன்றாகத் தெரிகிற மாதிரி, இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு ஒரு புதுப் படம் எடுத்து, மடங்காமல் அட்டை வைத்து, தபாலில் அனுப்பு.

இப்படிக்கு,
அக்கா